லாடநண்டுகளுக்கு ஒரு போன்ஜூர்

மொன்றியலில் ஓர் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடம் திசு வெட்டும் வேலை பார்த்தேன். மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோமில் மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடிச் சிலைட்டில் ஏற்றி, சாயம் போட்டுக் கொடுக்க வேண்டும். என் சிலைட்டில் குறை கண்டவர் கிடையாது. அந்தத் தலைக்கனம் கடைசி வருடத்தில்தான் இறங்கியது.

அப்போது சென்னைப் பெண் கீர்த்தனா லாடநண்டின் கண்களைப் பற்றி பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். அந்தப் பிராணிக்குக் கண்ணுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக்கு ஒன்று, உச்சியில் சில, போதாததற்கு வயிற்றுப் பக்கம் வாய்க்குக் கிட்டவும் உண்டு. வெளிச்சத்தை உணரும் ஒப்சின் என்ற புரதம் இந்தக் கண்களில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிப் பச்சையாகக் காட்டும் அன்ரிபொடி ஒன்றை ஒரு வருடம் மினக்கெட்டுத் தயாரித்திருந்தாள்.

இரவு முழுக்க இருட்டில் இருந்த நண்டின் பக்கக் கண்ணில், பச்சை நிறம் செல்லின் மடிப்பு விளிம்பில் மட்டும் தெரிய வேண்டும். எங்களுக்கோ செல்லெல்லாம் பச்சைப் புள்ளி, கடுகு சிந்தியது போல. அன்ரிபொடி கண்டதிலும் ஒட்டுகிறது, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு கைவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கீர்த்தனா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சாப்பிடாமலே மூடினாள்.

வியாழன் பின்னேரம் எல்லாச் சிலைட்டையும் திகதிப்படி அடுக்கிப் பார்த்தேன். மூன்று மட்டும் சுத்தமாக இருந்தன. மூன்றும் புதன்கிழமை.

புதன்கிழமைகளில் பேரனைக் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வருவேன். அதற்குள் கீர்த்தனா நண்டுக்குத் தெரியாத சிவப்பு விளக்கில் அதன் கண்ணை எடுத்து முடித்திருப்பாள். மற்ற நாட்களில் அவளுக்கும் முன்னால் நான் ஏழு மணிக்கே ஆஜர். வந்ததும் நண்டு அறைக் கதவைத் திறந்து ஒரு போன்ஜூர் சொல்லி, சுகம் விசாரித்து, ஐந்து நிமிடம் கதைப்பேன். நடைபாதை வெளிச்சம் அவற்றின் மேல் தாராளமாக விழும். திறக்க வேண்டாம் என்று கதவில் பெரிதாகத்தான் ஒட்டியிருந்தது. அது புது ஆட்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

இது வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் தப்பும், அவளுடைய ஒரு வருடம் குப்பைக்குப் போகும். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் போனேன்.

"பிள்ளை, உம்மட அன்ரிபொடியில பிழை இல்லை. நான்தான் காலமை கதவைத் திறந்து நண்டுகளோட கதைக்கிறனான்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தனை மணிக்கு அக்கா?" என்றாள்.

சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. விடியலின் முதல் வெளிச்சம் பட்டதும் இந்தச் செல்கள் விளிம்பிலுள்ள பழைய சவ்வைக் கழற்றி உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். புரதமும் கூடவே போகுமாம். அந்தப் புள்ளிகள் அதுதான். என் நடைபாதை வெளிச்சத்தை நண்டுகள் விடியல் என்று நம்பிவிட்டன. புரதம் போன இடமெல்லாம் அன்ரிபொடியும் சரியாகப் பின்னாலேயே போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரண்டு வகைச் சிலைட்டையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். பேராசிரியர் கைவிடும் பேச்சையே விட்டார். கதவைத் திறந்தது யார் என்று கேட்டார். கை தூக்கினேன். சிரித்தார், பிறகு நன்றாகவே திட்டினார்.

வெளியே வந்ததும் கீர்த்தனா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். "திங்கட்கிழமை கரெக்டா ஏழு மணிக்கு வந்து அஞ்சு நிமிஷம் பேசுங்க அக்கா. செவ்வாய்க்கிழமை பேசாதீங்க."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கதவில் ஒட்டியிருப்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். மீறிவிட்டீர்களா, போய்ச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.