மதினியும் மஞ்சள் கட்டியும்

வெண்ணெய்க்குப் பதிலாக விற்கிற மார்ஜரின், செங்கல் அளவிலான கட்டி ஒன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவில், சாமிக்குப் படைத்ததுபோல் தட்டில் வீற்றிருந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுற்றியிருந்த மஞ்சள் காகிதத்தில் ஒரு சிவப்பு இதயம் வரைந்திருந்தது. அதன் கீழே ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை அங்கே வைத்தவர் என் கணவரின் அக்கா. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, மதுரையில் ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த புதிது அது. “இனிமே எந்தம்பிக்கு வெண்ணெயும் கெடையாது, நெய்யும் கெடையாது. இதுதான். இதுல கொலஸ்ட்ராலே இல்லேன்னு அவனே எழுதியிருக்கான் பாரு” என்றார் மதினி. விற்கிறவன் எழுதியதை மருத்துவர் எழுதியதைப்போல நம்புகிறவரிடம் என்ன பேசுவது என்று எனக்கு அன்றே புரியவில்லை.

கொடைக்கானலில் பேருந்து நிலையத்துக்கு மேலே ஏறும் சாலையில் எங்களுக்கு ஒரு சின்ன பேக்கரி உண்டு. கணவர் அதைப் பார்த்துக்கொண்டார். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மதினிக்குப் பூம்பாறையில் பூண்டுக் காடு இருந்தது. அவருடைய கணவர் காலமாகி, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். வந்த அன்றே அடுப்படி அவர் கைக்குப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, அவர் சமையல் அப்படி. வருத்தமெல்லாம் அந்தக் கட்டி வந்த பிறகுதான். பேக்கரிக்குச் சரக்கு போடுகிறவரிடமே சொல்லி அதைப் பெட்டியோடு இறக்கிவிட்டார். ரொட்டியில் வெள்ளையே தெரியாமல் பூசினார். தோசை அதில் மிதந்தது. ரசத்துக்குக்கூட அதில்தான் தாளிப்பு. “மருந்துன்னு ஆனப்புறம் கஞ்சத்தனம் பாக்கலாமா?” என்பார்.

“மதினி, கொலஸ்ட்ரால் இல்லைன்னா கொழுப்பே இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. அது முழுக்கக் கொழுப்புதான்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“நீ கணக்கு டீச்சர்தானத்தா? டாக்டருக்கா படிச்ச?” என்று கேட்டுவிட்டு இன்னொரு விள்ளல் வழித்துப் போட்டார். என் கணவரோ அக்கா போட்டதையும் தின்றார், நான் முறைத்தபோது தலையையும் ஆட்டினார். இருவருக்கும் நல்லவராக இருப்பதற்கென்றே பிறந்தவர் அவர்.

அடுத்த முறை மதுரைக்குப் போய் ரத்தம் சோதித்தபோது, மாத்திரை போட்டும் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கியிருக்கவில்லை. மருத்துவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கட்டியின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அவர் சிரித்தே விட்டார். கொலஸ்ட்ரால் பிராணிகளிடமிருந்து வரும் உணவில்தான் இருக்கும், செடியின் எண்ணெயில் அது இருக்க வழியே இல்லை, இளநீரில் எலும்பு இல்லை என்று எழுதி விற்பதுபோலத்தான் இது என்றார். நம் ஈரலே கொலஸ்ட்ராலைச் செய்கிறது. வெண்ணெய், நெய்யில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக உள்ளே போனால் கெட்டது ரத்தத்தில் ஏறுகிறது. திரவமான எண்ணெயைக் கட்டியாக நிறுத்த அந்தக் கொழுப்பைச் சேர்ப்பார்கள், அல்லது எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். அரைகுறையாகச் செலுத்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு வெண்ணெயைவிடக் கெடுதல். “மார்ஜரின் வேணும்னே இருந்தா டப்பாவுல வர்ற மெதுவானத வாங்குங்க. வெளிய வச்சா குழைவா இருக்கணும். செங்கல் மாதிரி நின்னா வேண்டாம். அதையும் லேசாத் தடவுனாப் போதும். சமையலுக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவா ஊத்துங்க” என்றார். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. தேடிப்பிடித்து ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு மலை ஏறினோம்.

அது மார்கழி. கொடைக்கானலில் அந்த மாதத்தில் தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்தாலும் இளகாது. காலையில் மதினி டப்பாவைத் திறந்து, கரண்டிக் காம்பால் தட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. “ஒங்க டாக்டரு சொன்னதும் கல்லாத்தான கெடக்கு. இதுக்கு என் கட்டி என்ன கொறஞ்சு போச்சு?” என்றார். மதுரை வெயிலில் உட்கார்ந்து மருத்துவர் சொன்ன சோதனை இந்தக் குளிரில் செல்லாது என்பதை விளக்க நான் பட்ட பாடு வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போதுகூடப் பட்டதில்லை. கடைசியில் டப்பாவின் பின்புறம் இருந்ததைத்தான் காட்ட வேண்டியிருந்தது. முன்பக்கம் இதயத்தை உள்ளங்கை அகலத்துக்கு வரைகிறவர்கள், நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு, டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்பதை மட்டும் எறும்பு முட்டை அளவில் அச்சிடுகிறார்கள். இன்றும் கடை அலமாரி முன் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு நிற்கும்போது அந்தக் கோபம் எனக்கு அப்படியே வருகிறது.

மதினி என் பேச்சுக்கு மசியவில்லை. தம்பியே ஒருநாள், “டாக்டர் வேண்டாம்னுட்டாருக்கா” என்று முனகியதும் மசிந்தார். அன்றிலிருந்து கணவருக்கு நான் தனியாகச் சமைத்தேன். எண்ணெயை அளந்து விட்டேன், உப்பைக் குறைத்தேன். சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒரு பெட்டி மார்ஜரின் மிச்சம் இருந்தது. பூம்பாறையிலிருந்து வந்த நெய்யும், பிரிட்ஜில் வெண்ணெயும் இருந்தன. பேக்கரிக்குக் கொடுத்துவிடலாம் என்றால் கணவர், அந்தக் கட்டியை இனிக் கடையிலும் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். எறிந்துவிடலாம் என்றேன். மதினி என்னை ஏதோ பிள்ளையை எறியச் சொன்னவளைப்போலப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் அவரே சாப்பிடத் தொடங்கினார். நாங்கள் இருவரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடியே, சுடுசோற்றில் அந்த மஞ்சள் கட்டியைப் போட்டுப் பிசைந்து தின்பார்.

“மதினி, உங்களுக்கும் வயசாச்சு. ஒரே ரத்தம் வேற. நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

“எனக்கென்னத்தா வந்துச்சு? நெஞ்சுவலியெல்லாம் ஆம்பளைகளுக்கு வர்றது. நமக்கு வந்தா வாயுதான்.”

ஒருமுறை மருத்துவமனையில் அவர் பெயரைப் பதிந்துவிட்டே வந்து கூப்பிட்டேன். பால்காரர் வரும் நேரம் என்று வர மறுத்துவிட்டார்.

கோடை சீசன் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை, தாடை வலிக்கிறது என்று கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு நின்றார். பல்வலி என்றார். முதுகையும் யாரோ அழுத்துவதுபோல இருக்கிறதென்றார். வெளியே மூடுபனி இறங்கிக் கிடந்தது, நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். மதினியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. கணவரை மதுரையில் வைத்திருந்தபோது அங்கிருந்த நர்ஸ், பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. நான் மதினியிடம் எதையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து வாடகை ஜீப்பில் ஏற்றினேன். ஊர் மருத்துவமனையில் இசிஜி எடுத்ததுமே மாத்திரை கொடுத்து, ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினார்கள்.

மலைப்பாதையில் மேலே ஏறும் சுற்றுலா வண்டிகள் வளைவுக்கு வளைவு முட்டிக்கொண்டு நின்றன. அருவியைப் படம் பிடிக்க ஒருவர் காரைச் சாலை நடுவிலேயே நிறுத்தியிருந்தார். சைரன் அலறியும் கையைக் காட்டி, ஒரு நிமிஷம் என்றார். நான் இறங்கிப் போய் அவரிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. திரும்பி வந்து ஏறியபோது மதினி கண்ணைத் திறந்து, “ஏன் இப்படிக் கத்துற? மாவு பொங்கிரும், தம்பிக்குப் போன் போட்டு எடுத்து உள்ள வைக்கச் சொல்லு” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஏறியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் என்பதுகூட அதுவரை எனக்குத் தெரியவில்லை.

பிழைத்தார். தம்பிக்கு வைத்த அதே மருத்துவர்தான் அக்காவுக்கும் ஸ்டென்ட் வைத்தார். இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். தினமும் விடிந்ததும் எனக்குக் கைபேசியில் குரல் செய்தி வரும். நேற்று தேங்காய் எண்ணெய் அமிர்தம். இன்று காலை அது விஷம். இதையெல்லாம் யார் அவருக்கு அனுப்புகிறார்கள், ஏன் என்னை விடமாட்டேன் என்கிறார் என்று தலையில் அடித்துக்கொள்வேன். அடித்துக்கொண்ட கையோடு, மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பிய மதியமும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அன்று அவர் வழக்கம்போல அடுப்படிக்குள் போகப் பார்த்தார். நான் வாசலை மறித்து நின்று, கணவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். ஒரே குக்கர் சோறு, ஒரே கீரை, ஒரே பருப்பு, எல்லாமே உப்பும் எண்ணெயும் குறைத்தது. இருவருக்கும் ஒரே மாதிரி பரிமாறினேன். மதினி ஒரு வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். திட்டு விழப்போகிறது என்று நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ஏலே தம்பி, இத்தன மாசமா நீ இதத்தான் தின்னுக்கிட்டு இருந்தியா?”

“ஆமாக்கா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேடா.”

கணவர் தலை குனிந்து பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். மதினி தட்டை என் பக்கமாக நகர்த்தினார்.

“இனிமே எனக்கும் இதையே போடுத்தா. அவன் ஒத்தையில தின்னது போதும்.”