மூச்சு விடாமல் ஒரு வசனம்

ஆரோக்கிய ராணியால் சும்மா இருக்க முடியாது. கடலூர் முதுநகரில் ஜாக்கெட் தைக்கிறாள். மிஷினில் உட்கார்ந்தாலும் வாய் ஓயாது. கல்யாணத்துக்கு முன்னால் மங்கலம்பேட்டை, காடாம்புலியூர் என்று ஊர் ஊராகப் போய்க் கபடி ஆடியவள். கல்யாணத்தோடு ஆட்டம் நின்றது, கால் நிற்கவில்லை. இப்படிப்பட்டவளிடம் சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடத்தும் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பைக் கொடுத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

அந்த மாதப் பாடம் ஜெபம். "இடைவிடாது இறைவனிடம் வேண்டுங்கள்" என்ற வசனத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். பூசை முடிந்து பசியோடு வந்த பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சொல்லிக்கொடுத்த ராணிக்கே கொட்டாவி வந்தது. அப்போதுதான் 'இடைவிடாது' என்ற சொல் அவளை உசுப்பிவிட்டது. அது அவளுக்குத் தெரியாத வித்தையா என்ன? பிள்ளைகளைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மணலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கோடு கிழித்தாள்.

"கபடி கபடின்னு பாடக் கூடாது. வசனத்தச் சொல்லிக்கினே போவணும். மூச்சு வுட்டா அவுட்டு!"

கொட்டாவி போன இடம் தெரியவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி பிள்ளைகள் வேண்டினார்கள்.

சத்தம் கேட்டு மறைக்கல்விப் பொறுப்பாளர் அருள் பிரகாஷ் ஓடிவந்தார். நல்ல மனிதர்தான், சிரிப்பதற்கு மட்டும் யோசிப்பார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது அவருடைய மகள் நித்யா மேரி. நாலு பேர் அவள் காலைப் பிடித்திருக்க, வசனத்தை விடாமல் கத்திக்கொண்டு கோட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாங்க டீச்சர் இது? ஆண்டவர் வார்த்தயச் சொல்லிக்கினே கால வாரி வுடறதா?"

விஷயம் ஃபாதர் வரைக்கும் போனது. வகுப்பை வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும் என்றார் அருள் பிரகாஷ். அடுத்த ஞாயிறு நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஃபாதர் சொல்லியனுப்பினார்.

ராணி பயந்துபோனாள். சிதம்பரம் மார்க்கெட்டுக்கு லோடு அடித்துவிட்டு வந்த புருஷன் மரியலூர்துவிடம், "இந்த வகுப்பு போச்சின்னா எனக்கு ஞாயித்துக்கெழமயே இல்லீங்க" என்றாள்.

"எல்லாஞ் சரியாவும். நீ சண்டக்கி மட்டும் போயிடாத" என்றான் அவன். பெண்டாட்டியை அவனுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்தார். வசனத்தைக் கேட்டார். பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போக, போதும் போதும் என்று அவர்தான் கையமர்த்த வேண்டியிருந்தது.

"மனப்பாடம் ஆயிருக்கு, இல்லங்கல. அர்த்தம் புரியணுமில்ல ஃபாதர்?" என்றார் அருள் பிரகாஷ்.

ஃபாதர் நித்யா மேரியைக் கூப்பிட்டார். "இடைவிடாம வேண்டணும்னா இன்னாம்மா?"

"சாமிகிட்ட வுடாம பேசிக்கினே இருக்கணும் ஃபாதர்."

"நடுவுல முடியாமப் போச்சின்னா?"

இதென்ன கேள்வி என்பதுபோல் அவரைப் பார்த்தாள். "கோட்டுக்கு இந்தாண்ட ஓடியாந்துரணும். நம்மாளுங்க இருப்பாங்கல்ல? அவுங்கள்ல ஒருத்தங்க பாடிக்கினு போவாங்க."

ஃபாதர் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி அருள் பிரகாஷைப் பார்த்தார்.

அருள் பிரகாஷ் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னால முடியாதப்ப எனக்காக வேற யாரோ வேண்டுவாங்கன்னு நான் நெனச்சதே இல்ல ஃபாதர்" என்றார். "வகுப்பு டீச்சர்கிட்டயே இருக்கட்டும்."

சண்டைக்கென்று வாரம் முழுக்க ராணி சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அருள் பிரகாஷைக் கூப்பிட்டாள்.

"வாங்க மாஸ்டர், எங்க சைடுல ஒரு ஆள் கொறையுது."