நாலு ஓட்டையும் ஒரு ஓட்டோத் தரிப்பிடமும்

ஓட்டோ ஓட்டுகிறவனுக்கு நோய் வந்தால், ஏறுகிற சவாரி எல்லாம் வைத்தியர்தான். வயிற்றில் கத்தி பட்ட தொழில்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனக்குப் பித்தப்பையில் கல். வயிற்றைப் பிளக்காமல், நாலு சின்ன ஓட்டை போட்டுப் பையையே எடுத்துவிட்டார்கள். பை போனது கவலையில்லை. பரந்தன் சந்தித் தரிப்பிடத்தில் என் இடம் போய்விடுமோ என்பதுதான் கவலை. அங்கே கன நாள் வெறுமையாய்க் கிடக்கிற இடம் அடுத்தவனுக்கு.

துண்டு வெட்டின நாள்

துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நாள், நேர்ஸ் பிள்ளை கட்டிலடிக்கு வந்தா.

"எங்கட கவனிப்பு திருப்தியோ ஐயா?"

"எப்ப ஓட்டோ எடுக்கலாம்?"

"ரெண்டு கிழமை போகட்டும்."

"ஒரு கிழமை."

"ஐயா, நான் கேட்டது திருப்தியோ எண்டு. இது மீன் சந்தை இல்லை."

பார்க்க வந்தவை

வந்தவர்கள் எல்லாரும் வெட்டைப் பார்க்கச் சேட்டைத் தூக்கச் சொன்னார்கள். நாலு பிளாஸ்டர். வந்தவர்களின் முகம் தொங்கிப் போகும். பக்கத்து வீட்டு அன்னம் தான் கொண்டுவந்த தோடம்பழப் பையைப் பார்த்தா, என் வயிற்றைப் பார்த்தா.

"இதுக்கு வாழைப்பழம் காணும்."

யோகனின் வயிறு

ரெண்டு கிழமையும் பொறுத்துத்தான் போனேன். என் இடத்தில் வேறு ஓட்டோ. தரிப்பிடத் தலைவர் யோகனின் மருமகனுடையது. "வயிறு வெட்டின ஆள் மூண்டு மாசம் படுக்கோணும் அண்ணை" என்றான் யோகன்.

சேட்டைத் தூக்கினேன். ஆறிப்போன நாலு புள்ளி. யோகன் குனிந்து பார்த்துவிட்டுத் தன் சேட்டைத் தூக்கினான். நெஞ்சிலிருந்து தொப்புள் தாண்டி ஒரு தழும்பு. யுத்தத்துக்குள், மரத்துக்குக் கீழே கிடத்தி, வயிற்றில் பாய்ந்த செல் குண்டுத் துண்டு எடுத்தது.

"இதுதான் ஒப்பரேசன். உங்களுக்கு நுளம்பு கடிச்சிருக்கு."

முதல் சவாரி

நுளம்பு கடிச்சவனுக்கு என்னத்துக்கு மூன்று மாச ஓய்வு? மருமகனின் ஓட்டோவுக்கு முன்னால் என்னுடையதைக் கொண்டுபோய் விட்டேன். "எடுங்கோ!" என்று மருமகன் கத்தினான். நான் எடுக்கவில்லை.

மரக்கறி விற்கிற இராசம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றா. அவவுக்கும் பித்தப்பையில் கல். வெட்டுக்குப் பயந்து ஆசுபத்திரி வாசலோடு திரும்பி வந்தவ. கிட்ட வந்து, என் சேட்டைத் தூக்கச் சொல்லி, ஒரு புள்ளியை விரலால் அமத்திப் பார்த்தா.

"நோகேல்லையோ?"

"இல்லை."

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"அப்ப ஆசுபத்திரிக்கு விடுங்கோ அண்ணை" என்று ஏறிக் குந்தினா. மருமகன் ஓடிவந்து, வரிசையில் முதல் ஆள் தான்தான் என்றான்.

"உம்மட வயித்தில ஓட்டை இருக்கோ தம்பி? இல்லையெண்டால் விலகும்" என்றா இராசம்மா.

பித்தப்பை இல்லாமல் ஓட்டோ ஓட்டலாம், தரிப்பிடம் இல்லாமல் ஓட்ட ஏலாது. மருமகன் இப்போது எனக்குப் பின்னால்தான் நிற்கிறான்.