எதிர்க்கரையைக் காட்டியவன்

என் மனைவியின் தம்பிக்கு மட்டக்களப்பு வாவியில் ஓர் இடம் உண்டு. இறால் விழும் இடம். எந்தக் காணி உறுதியிலும் எழுதப்படாத சொத்து. அவன் குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது. ஒருமுறை அவனோடு தோணியில் போனதால் எனக்கும் தெரியும். எங்கே வலை போட்டாய் என்று வேறு யார் கேட்டாலும் எதிர்க்கரையைக் காட்டுவான். இங்கே தோணி வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான். என்னிடம் தோணி இல்லை, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நானும் மைத்துனனும் கரையில் நின்றபோது கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். ரோமாபுரிக் காலம் தொட்டே சீனத்துச் சரக்கு ஏற்றிய கப்பல்கள் இந்தக் கடல் வழியாகத்தான் போயினவாம். இன்றைக்கும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றனவாம். கைபேசியில் ஒரு படம் காட்டினார்: நீலப் பூப் போட்ட சீனப் பீங்கானின் உடைந்த ஓடு.

"வாவி எவ்வளவு ஆழம்? இப்படி ஏதாவது வலையில் வந்ததா, எந்த இடத்தில்?"

வந்தது, அந்த இறால் இடத்தில்தான். மைத்துனன் வீட்டுக் கிணற்றடியில் அதில்தான் சவர்க்காரம் வைக்கிறார்கள்.

அவன் என்னை ஒரு பக்கமாக இழுத்தான். "அத்தான், வாயத் திறந்திராதீங்க. இண்டைக்கு ஓடு எண்டுவான். நாளைக்குக் கயிறு கட்டி, இஞ்ச வலை போடாத எண்டுவான். மறுகா ஹோட்டல் வரும்."

"வந்தா உன்ர இறாலத்தானேடா வாங்குவான்?"

"பகிடிய விடுங்க அத்தான்."

எனக்கும் சந்தேகம்தான். கப்பல் கதை சொல்ல வந்தவர் வாவியின் ஆழத்தை ஏன் கேட்கிறார்? வியாபாரத்துக்கு என்று வந்தவர்கள் கோட்டை கட்டிக்கொண்டு இருந்துவிட்ட ஊர் இது. ஆகவே, எல்லாம் தெரிந்த பெரிய மனிதனாகக் கையை நீட்டி எதிர்க்கரையைக் காட்டினேன். அங்கே கண்டல் மரமும் கொக்கும்தான்.

சில நாளில் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். வாயெல்லாம் பல், கையில் பிஸ்கட் பெட்டி. நான் காட்டிய இடத்திலேயே ஓடுகள் கிடைத்தனவாம்! "நீங்கள் சொல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மைத்துனன் அப்போது எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

அவர் போனதும் தொடங்கினான். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுடா. சும்மா காட்டினன்."

"சும்மா காட்டின இடத்தில சீனத்துக் கோப்பை கிடக்குமா? என்ர இடத்தையும் சொல்லிட்டீங்களா?"

"ஆணையா இல்லடா."

"ஆணை வேற! அக்கா, உங்கட மனிசன்ட மூஞ்சிய ஒருக்காப் பாருங்க."

அவள் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பிஸ்கட்டில் பாதியை அவனே சாப்பிட்டுவிட்டுப் போனான். வலை போடும் இடத்தையும் மாற்றிவிட்டான். இப்போது அக்காவுக்குக் கொண்டுவரும் இறால் சுண்டுவிரல் அளவுதான். விற்கிறதும் அதே அளவாகத்தான் இருக்கும். பழைய இடத்துக்கே போ, நான் யாருக்கும் சொல்லவில்லை என்று சொல்லத்தான் ஆசை. சொன்னால், இந்த மனிசன் ஏன் என்னை அங்கேயே அனுப்பப் பார்க்கிறார் என்று யோசிப்பான்.