மருந்து கேனில் புளித்த பீர்

ஊரடங்கில் மதுக்கடைகளை மூடியதும் என் கணவர் செல்போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பீர் காய்ச்சினார். அதைப் புளிக்க வைக்க அவர் எடுத்தது, வாழைத்தோட்டத்துக்குப் பூச்சிமருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் கேன்.

“அது மருந்து கேன்லா? சாப்பாட்டுச் சாமான் வைக்குற வாளி அடுக்களையில இருக்கு. அதை எடுங்க” என்றேன்.

“நாலு தரம் கழுவியாச்சு. நீ வாயை மூடுட்டி.”

பத்தாம் நாள் ஒரு டம்ளர் ஊற்றி முகர்ந்து பார்த்தார். குடிக்கவில்லை. எங்களோடு இருந்த என் அப்பாவிடம் நீட்டினார். “மாமா, மொதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க.”

நான் தடுத்தேன். அப்பா என் கையை விலக்கினார். “மாப்பிள்ளை ஆசையாத் தாராரு. விடும்மா.”

அரைமணி நேரத்தில் அப்பா வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கணவர் எங்களோடு வரவில்லை. மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அப்பா கண் திறந்தார். அன்று மாலை கணவர் போனில் கேட்டார், “டாக்டர்ட்ட என் பேரைச் சொன்னியா?”

மறுநாள் யார் கொடுத்தது என்று டாக்டர் விசாரித்தபோது அப்பாவே முந்திக்கொண்டார். “தெரியாம நானே எடுத்துக் குடிச்சிட்டேன் சார்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.