அண்ணன் இரண்டு முறை நெய்த ஜப்பான் வீரன்

என் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருசம் ஆகிறது. நான் நாலாவதோடு படிப்பை நிறுத்தியவள். என்றாலும் அண்ணனைப் பற்றி எழுத யாரிடமும் வார்த்தை கடன் வாங்க வேண்டியதில்லை.

அண்ணன் பிறந்தது ஓரிக்கையில். அப்பா தவறியபோது அவருக்குப் பதினாறு, எனக்கு ஒன்பது. அம்மாவையும் என்னையும் காஞ்சிபுரத்துக்குக் கூட்டி வந்து, கூலித் தறியில் உட்கார்ந்து என்னைக் கட்டிக் கொடுத்தார். பிறகு சேலைக்குப் படம் போடவும் கற்றார். கட்டம் போட்ட தாளில் அவர் போட்ட அன்னமும் யாளியும் ஏறாத மணமேடை நம்ம ஊரில் குறைவு. பிடிவாதக்காரர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

சில வருசத்துக்கு முன் ஒரு ஜப்பான் அம்மா கைக்குழந்தையோடு வந்தார். வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனியில் வேலை. தமிழ் ஓரளவு பேசுவார். மரப்பலகையில் செதுக்கி, வண்ணம் தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் அப்பா வைத்திருந்ததாம். சாமுராய் என்கிற வீரர்களின் கதைகள் அவர்கள் நாட்டில் இப்படிப் படமாக வருமாம். ஆள் உயரக் கெண்டை மீன் மேல் ஏறி ஒரு வாலிபன் கத்தியை ஓங்கியிருந்தான். தாயை விழுங்கிய மீனைத் தேடிப்போய்க் கொன்றவனாம். ஆண் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பண்டிகை உண்டு. தன் மகனின் முதல் பண்டிகைக்கு அந்த வீரனைப் பட்டில் நெய்து தரச் சொன்னார்.

அண்ணனுக்கு அந்தக் கதை பிடித்துவிட்டது. "பெத்தவளுக்காகப் போனான் பாரு, அவன் நம்ம ஆளும்மா" என்று சொல்லிக்கினே மூன்று மாதம் உழைத்தார்.

தறியில் இருந்து அறுத்து விரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னா அண்ணா, இவன் மாராப்பு பக்கம் மாறிக்கினு இருக்குது?"

"அடிப் போடி. சண்டைக்குப் போறவனுக்கு இன்னா மாராப்பு?"

சொன்னாரே தவிர, படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்ததும் முகம் சுண்டிப்போனது. எங்கள் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். அதனால் தாளில் போட்ட படம் துணியில் இடம் வலமாகத் திரும்பி விழும். மயில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மயில்தான் என்பதால், அத்தனை வருசமும் அண்ணனுக்கு அதை யோசிக்கும் வேலையே வந்ததில்லை.

உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். அவர் சொன்னார்: அவர்கள் உடுப்பில் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு மட்டும். "பரவாயில்லை ஐயா, அழகாக இருக்கும்" என்றும் சொன்னார்.

அண்ணன் மகன், "பண்டிகைக்கு இருபது நாள்தான் இருக்குது நைனா. அவங்களே பரவாயில்லைன்றாங்க, குடுத்துடு" என்றான்.

"பச்சைக் கொயந்தைக்குப் பொணத்து உடுப்பைக் குடுக்கச் சொல்றியா? அட்டையை அவுருடா!"

தறிக்குப் படத்தைச் சொல்லும் துளை போட்ட அட்டைகளை எல்லாம் அவிழ்த்து, திருப்பிக் கோத்து, அப்பனும் மகனும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பத்தொன்பதாம் நாள் நானே ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை முதலில் அந்த மீனைத்தான் தொட்டுப் பார்த்தான்.

மாறிப்போன துணியை அண்ணன் விற்கவில்லை. போன வருசம் படுக்கையில் விழுந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குக் கோடித்துணி தேடி யாரும் அலைய வேணாம். அளவெடுத்த மாதிரி ஒண்ணு பொட்டியில இருக்குது."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசி நாளில் எல்லாக் கோடிக்கும் மேலே அதைத்தான் போர்த்தினோம். சாவு வீட்டில் பொம்மை போட்ட துணியா என்று சொந்தங்கள் முணுமுணுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஜப்பான் அம்மாவும் வந்து நின்றார். துணியைப் பார்த்தவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நிமிர வெகு நேரம் ஆனது.

தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், மூன்று நாள் தறியை நிறுத்திவிட்டு எங்களோடு உட்கார்ந்த நெசவாளிகளுக்கும், அண்ணனுக்குச் சரியாகத்தான் உடுத்தியிருக்கிறோம் என்று அறிந்த அந்த ஒரே அம்மாவுக்கும், பிறந்த வீட்டின் சார்பில் என் கும்பிடு.