பன்னிரண்டு மயில் உடுப்புகள்

மொன்றியலின் கிழக்கில் இருந்த பழைய நாடக அரங்கின் சிவப்பு வெல்வெற் திரையில் தூசியும் முகப்பவுடரும் கலந்த ஒரு மணம் அடிக்கும். அந்தத் திரைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நின்றவள் என்பதால் எனக்கு அது மறக்கவில்லை, மறக்க விருப்பமும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்டமும் பாட்டும் பகிடியும் கலந்த 'ரெவ்யூ' என்ற ஆடம்பரக் காட்சிகளுக்காகவே கட்டிய அரங்கு அது. வாசல் மண்டபத்துச் சுவரெல்லாம் அந்தக் காலத்துப் படங்கள்: தலையில் முழ உயரத்துக்கு இறகு சூடிய பெண்கள் ஒரு பெரிய படிக்கட்டால் வரிசை வரிசையாக இறங்கி வருவார்கள். எங்கள் தமிழ்ச் சங்கம் கலைவிழாவுக்கென்று அதை ஒரு ஞாயிறு பின்னேரம், ஆறு மணி வரைக்கும், வாடகைக்கு எடுத்தபோது எனக்குப் பத்து வயது. முன்கூட்டியே அரங்கைப் பார்க்க என்னையும் கூட்டிவந்த அம்மா அந்தப் படங்களுக்கு முன்னால் கனநேரம் நின்றார். "எங்கட பிள்ளையளும் இப்பிடி இறங்கோணும்" என்றார்.

அம்மா வேலை செய்த தையல் தொழிற்சாலையில் அவருக்குச் சட்டைக் கை மட்டும்தான்; ஆண்டுக்கணக்காகக் கை, கை, கை. ஒரு முழு உடுப்பை அங்கே அவர் தைத்ததே இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலையால் வந்து, மயில் நடனம் ஆட இருந்த எங்கள் பன்னிரண்டு சிறுமிகளுக்கும் தோகையோடு பன்னிரண்டு மயில் உடுப்புத் தைத்தார். சங்கத்து அண்ணைமார் பலகையில் ஒரு படிக்கட்டு அடித்துத் தந்தார்கள்.

விழாவன்று நாலு மணிக்கே, மூடிய திரைக்குப் பின்னால், படிக்கட்டில் ஏறி நின்றுவிட்டோம். திரைக்கு முன்னால் வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை. எங்கள் ஆட்களுக்குப் பொன்னாடை போர்த்தினால் 'இரண்டு வார்த்தை' பேசாமல் இறங்கத் தெரியாது. பேசி முடித்தவர் போர்த்தியவருக்குத் திருப்பிப் போர்த்துவார், பிறகு அவருக்கும் இரண்டு வார்த்தை. கடைசிக் கால் மணி நேரத்தில், உடுப்புத் தைத்ததற்காக அம்மாவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சபையில் ஒருவரும் இன்னும் காணாத உடுப்புகளைப் பத்து நிமிடம் புகழ்ந்த தலைவர், பொன்னாடையைப் போர்த்தி, ஒலிவாங்கியை நீட்டினார்: "நீங்களும் இரண்டு வார்த்தை கதையுங்கோ, தங்கச்சி."

"திரையைத் திறவுங்கோ" என்றார் அம்மா.

சபை சிரித்தது, கை தட்டியது. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். "பிள்ளையளைப் பாக்க அவவுக்கு எவ்வளவு அவசரம்!" என்று தலைவர் இன்னொரு கதை தொடங்க, சரியாக ஆறு மணிக்கு அரங்கத்துக்காரர் மேடை விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இருட்டில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நாங்கள் படிக்கட்டால் இறங்கினோம். "அடுத்த வருஷம் முதல் நிகழ்ச்சி உங்கடைதான்" என்றார் தலைவர். அடுத்த வருடம் அந்த உடுப்பு ஒருவருக்கும் அளவாக இருக்கவில்லை.

இப்போது அரங்கை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். இறகுப் பெண்களின் படங்களாவது ஏதோ ஒரு காப்பகத்தில் இருக்கின்றன. எங்களை ஒருவரும் படம் எடுக்கவில்லை. போன மாதம், மொன்றியலின் மேற்குப் பக்கம் ரொக்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவுக்கு 'வாழ்நாள் சேவை'ப் பொன்னாடையாம்.

"பிள்ளையள் எத்தனை மணிக்கு ஆடுவினம்?" என்று கேட்டார் அம்மா.

"அது பேச்சுகள் முடிஞ்சாப்பிறகு, அக்கா."

"அப்ப நான் வரேல்லை, தம்பி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.